நரம்பு சுருட்டல்: லேசரா, பசையா என்று கேட்பதற்கு முன்

காலில் பச்சையாக, நெளிநெளியாகப் புடைத்து நிற்பதை ‘நரம்பு சுருட்டல்’ என்கிறோம். பாதிக் குழப்பம் இந்தப் பெயரிலேயே தொடங்கிவிடுகிறது. பேச்சுத் தமிழில் நரம்பு என்ற ஒரே சொல் மூன்று வேலை பார்க்கிறது. சூடு, வலி போன்ற உணர்ச்சியை மூளைக்குக் கொண்டுபோவதும் நரம்பு. ஊசி போட நர்ஸ் கையைத் தட்டித் தட்டித் தேடுவதும் நரம்பு. கழுத்தில் ‘பிடித்துக்கொள்வதும்’ நரம்பு. காலில் புடைப்பது இரண்டாவது ரகம், அதாவது ரத்தக்குழாய். பாடப்புத்தகத்தில் அதற்குச் சிரை என்று பெயர். இலங்கைத் தமிழில் நாளம். மருத்துவமனையில் வெயின்.

இது வெறும் சொல் பிரச்சினை இல்லை. ‘நரம்பு டாக்டர்’ என்று நரம்பியல் நிபுணரிடம் டோக்கன் வாங்கிக் காத்திருப்பவர்களும், ‘நரம்புக்குச் சத்து’ என்று பி12 மாத்திரையை மாதக்கணக்கில் விழுங்குபவர்களும் இதனால்தான். இந்த நோய்க்குப் பார்க்க வேண்டியவர் ரத்தநாள அறுவை சிகிச்சை நிபுணர், அதாவது வாஸ்குலர் சர்ஜன். சென்னை ராஜீவ் காந்தி அரசுப் பொது மருத்துவமனை போன்ற பெரிய அரசு மருத்துவமனைகளில் இதற்கென்றே தனித் துறை இருக்கிறது.

அடுத்த குழப்பம் சிகிச்சையில். லேசர், ரேடியோ அலை, நுரை, பசை என்று விளம்பரங்கள் வரிசை கட்டுகின்றன. எதைத் தேர்ந்தெடுப்பது என்பது உண்மையில் கடைசிக் கேள்வி. எங்கே ஒழுகுகிறது என்பதுதான் முதல் கேள்வி.

ரத்தம் எப்படி மேலே ஏறுகிறது?

இதயத்திலிருந்து காலுக்கு ரத்தம் இறங்குவது சுலபம். பின்னால் பம்ப் இருக்கிறது. திரும்பி வருவதுதான் பாடு. நிற்கும் ஒருவரின் இதயத்துக்கும் கணுக்காலுக்கும் நடுவே ஏறக்குறைய நாலடி உயரம். அந்த நாலடி ரத்தத்தின் பாரம் முழுவதும் கணுக்காலில் வந்து இறங்குகிறது. அசையாமல் நிற்கும்போது கணுக்கால் சிரையில் அழுத்தம் சுமார் 90 மி.மீ. பாதரசம் (பி.பி. பார்க்கும் அதே அளவுகோல்தான்). பத்து அடி எடுத்து வைத்து நடந்தால் அது 30க்குக் கீழே வந்துவிடும். மூன்று ஏற்பாடுகள் சேர்ந்து இதைச் செய்கின்றன.

1. கெண்டைச்சதை. ஒவ்வொரு எட்டு வைக்கும்போதும் இது இறுகி, உள்ளே இருக்கும் சிரைகளைப் பிழிந்து ரத்தத்தை மேலே தள்ளுகிறது. இதை ‘இரண்டாவது இதயம்’ என்று மருத்துவர்கள் சொல்வது சும்மா இல்லை.

2. வால்வுகள். சிரைக்குள் வரிசையாக இருக்கும் மெல்லிய இதழ்கள். மேலே போக வழிவிடும். கீழே விழ வந்தால் மூடிக்கொள்ளும்.

3. குழாய்களின் அடுக்கு. தசைக்குள் ஓடுபவை ஆழச் சிரைகள். காலிலிருந்து திரும்பும் ரத்தத்தில் சுமார் 90 சதவீதம் இவை வழியாகத்தான் போகிறது. தோலுக்கு அடியில் ஓடுபவை மேல்சிரைகள். இரண்டையும் இணைக்கும் குறுக்குச் சிரைகளும் உண்டு. மேல்சிரைகளில் இரண்டை மட்டும் நினைவில் வைத்தால் போதும்: உள்கணுக்காலில் கிளம்பித் தொடை இடுக்கு வரை போகும் நீளமான சிரை, பின்காலில் ஏறி முழங்கால் மடிப்பருகே முடியும் குட்டைச் சிரை.

இனி நோய்க்கு வருவோம். தொடை இடுக்கில் நீளச் சிரை ஆழச் சிரையோடு சேரும் இடத்தில் ஒரு வால்வு சரியாக மூடவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். மேலே போன ரத்தம் கீழே விழுகிறது. அந்தப் பாரத்தில் குழாய் விரிகிறது. விரிந்ததால் அடுத்த வால்வின் இதழ்கள் ஒன்றையொன்று தொடாமல் போகின்றன. இப்படியே ஜிப் பிரிவதுபோல ஒன்றன்பின் ஒன்றாக வால்வுகள் விட்டுப்போகும். நடந்தாலும் அழுத்தம் இறங்காது. முழங்காலுக்குக் கீழே நாம் பார்க்கும் சுருள், பெரும்பாலும் மேலே ஒரு முழத்துக்கு அப்பால் நடக்கும் ஒழுக்கின் கடைக்கோடி. மாடித் தொட்டிக் குழாய் கசிந்தால் கீழ்வீட்டுச் சுவரில் ஓதம் பூக்கும். சுவருக்குச் சுண்ணாம்பு அடித்து என்ன பயன்?

யாருக்கு வருகிறது?

பெற்றோருக்கு இருந்தால் பிள்ளைகளுக்கு வர வாய்ப்பு அதிகம். குடும்ப வாகுதான் முதல் காரணம். கர்ப்பத்தில் ரத்தத்தின் அளவு கூடுகிறது, ஹார்மோன் சிரைச் சுவரைத் தளர்த்துகிறது, வளரும் கருப்பை அடிவயிற்றுச் சிரைகளை அழுத்துகிறது. ஆகவே ஒவ்வொரு பிரசவமும் ஒரு படி கூட்டிவிடலாம். வயது, உடல் எடை அடுத்து. கால் மேல் கால் போட்டு உட்கார்ந்தால் வரும் என்பதற்கு ஆதாரம் இல்லை.

நின்றுகொண்டே செய்யும் வேலை தனியாகச் சொல்ல வேண்டியது. பரோட்டா மாஸ்டர், முடிதிருத்துபவர், போக்குவரத்துக் காவலர், ஜவுளிக்கடையில் புடவை விரித்துக் காட்டும் பெண் என எல்லோருக்கும் ஒரே சிக்கல்: நிற்கிறார்கள், நடப்பதில்லை. கெண்டைச்சதை வேலை செய்யாமல், 90 மி.மீ. அழுத்தம் மணிக்கணக்கில் அப்படியே நிற்கிறது. 2021இல் தமிழக அரசு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தி, ஊழியர்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று 22-ஏ பிரிவைச் சேர்த்தது. நாள் முழுக்க நிற்பதால் வரும் உடல்நலக் கேடுகளைத்தான் அரசு அதற்குக் காரணமாகச் சொன்னது. கேரளம் 2018இலேயே இதைச் செய்துவிட்டது. நல்ல சட்டம்தான். ஆனால் காலைத் தொங்கப்போட்டு அசையாமல் உட்கார்ந்தாலும் ரத்தம் தேங்கும். அரை மணிக்கு ஒருமுறை நாலு எட்டு நடப்பதும், நின்ற இடத்திலேயே குதிகாலைத் தூக்கித் தூக்கி இறக்குவதும் நாற்காலியோடு சேர வேண்டியவை.

இந்த நோய் நின்று உழைப்பவர்களுக்கு மட்டும் உரியதும் அல்ல. 2025 ஜூலையில் அமெரிக்க அதிபர் டிரம்ப்பின் கால் வீக்கம் செய்தியானது. 79 வயதான அவருக்கு நாட்பட்ட சிரைக் குறைபாடு இருப்பதாகவும், ஆழச் சிரையில் ரத்தக்கட்டி இல்லை என்றும் வெள்ளை மாளிகை அறிவித்தது. வால்வு ஒழுகுவதால் வரும் தொல்லைகள் அத்தனைக்கும் சேர்த்து வைத்த பெயர்தான் அது. ‘கட்டி இல்லை’ என்பதை ஏன் அழுத்திச் சொன்னார்கள் என்பதைப் பிறகு பார்ப்போம்.

எந்தப் படியில் இருக்கிறீர்கள்?

உலகம் முழுக்க மருத்துவர்கள் பயன்படுத்தும் வகைப்பாடு 1994இல் வகுக்கப்பட்டு, 2020இல் கடைசியாகத் திருத்தப்பட்டது. உங்கள் சீட்டில் சி என்ற எழுத்தோடு ஓர் எண் இருக்கும்.

1. சி0: வெளியே ஒன்றும் தெரியாது.
2. சி1: சிலந்தி வலை போன்ற சிவப்பு, நீலக் கோடுகள்; 3 மி.மீ.க்குக் குறைவானவை.
3. சி2: 3 மி.மீ. அல்லது அதற்கு மேல் தடித்த சுருள்கள்.
4. சி3: வீக்கம்.
5. சி4: தோல் மாற்றம்.
6. சி5: ஆறிய புண்.
7. சி6: ஆறாத புண்.

சி0இலிருந்து சி6 வரை எல்லோரும் ஏறியே தீர வேண்டும் என்றில்லை. சி1ஓடு ஆயுள் முழுக்க நிம்மதியாக இருப்பவர்கள் ஏராளம்; அது பெரும்பாலும் அழகு சம்பந்தப்பட்ட விஷயம். அதற்குப் பயமுறுத்திப் பணம் பிடுங்கும் இடங்களில் உஷாராக இருப்பது நல்லது.

திருப்பம் சி4இல்தான். கணுக்காலின் உள்பக்கம், எலும்பு முட்டுக்குச் சற்று மேலே, தோல் முதலில் பழுப்பாகும். கொலுசு உரசிக் கறுத்தது என்று பலர் விட்டுவிடுவார்கள். உண்மையில் அது துரு. அதிக அழுத்தத்தில் சிவப்பணுக்கள் குழாயை விட்டுக் கசிந்து, உடைந்து, அவற்றின் இரும்பு தோலுக்குள் படிகிறது. பிறகு அரிப்பு, செதில். சொறிந்த இடத்தில் நீர் கசியும். நாளாக நாளாக அந்த இடத்துத் தோல் கல்போல இறுகும். விரலால் கிள்ளினால் பிடிபடாது. காலின் கீழ்ப்பகுதி சுருங்கி மேல்பகுதி வீங்கி, கவிழ்த்து வைத்த பாட்டில்போல ஆகிவிடும். இந்த நிலையில் கொசு கடித்துச் சொறிந்தால்கூடப் புண்ணாகலாம். சுருள் எவ்வளவு பெரிதாகத் தெரிகிறது என்பதைவிட, கணுக்கால் தோல் என்ன நிறத்தில் இருக்கிறது என்பது முக்கியம்.

எல்லாக் கால் வீக்கமும் இது இல்லை

நின்றால் கனத்து வலிப்பதும், நடந்தாலோ காலை உயர்த்திப் படுத்தாலோ குறைவதும் சிரையின் குணம். நடக்கும்போது கெண்டைக்கால் பிடித்து, நின்றால் விடுவது தமனி (இதயத்திலிருந்து ரத்தத்தைக் கொண்டுவரும் குழாய்) அடைப்பின் குணம். புகைப்பவர்களும் சர்க்கரைக்காரர்களும் இதைக் கவனிக்க வேண்டும். பாதம் எரிவதும், மரத்துப்போவதும், செருப்பு நழுவியது தெரியாமல் போவதும்தான் நிஜமான நரம்புக் கோளாறு. இரண்டு காலும் ஒரே அளவில் வீங்கினால் இதயம், சிறுநீரகம், கல்லீரல் மூன்றையும் பார்க்க வேண்டும். பி.பி.க்குத் தினமும் அம்லோடிபின் போடுகிறீர்களா என்பதையும் பார்க்க வேண்டும். அந்த மாத்திரை கணுக்காலை வீங்கவைப்பது மிகச் சாதாரணம். யானைக்கால் வீக்கம் பாதத்தையும் விரல்களையும் சேர்த்துப் பிடிக்கும்.

இவை எல்லாவற்றையும்விட அவசரமானது ஆழச் சிரையில் ரத்தம் கட்டிக்கொள்வது. மருத்துவர்கள் டி.வி.டி. என்பார்கள். ஒரு கால் மட்டும் ஓரிரு நாளில் திடீரென்று வீங்கும். கெண்டைக்கால் வலிக்கும், சூடாகும், நிறம் மாறும். அறுவை சிகிச்சை, எலும்பு முறிவு, பிரசவம், நீண்ட படுக்கை, புற்றுநோய், மணிக்கணக்கான பயணம் ஆகியவற்றுக்குப் பிறகு இது வர வாய்ப்பு அதிகம். கட்டி பிய்ந்து நுரையீரலுக்குப் போனால் மூச்சுத்திணறல், நெஞ்சுவலி, சில சமயம் மரணம். டிரம்ப் விஷயத்தில் ‘கட்டி இல்லை’ என்று அழுத்திச் சொன்னது இதனால்தான். ஆகவே திடீரென வீங்கிய ஒற்றைக் காலுக்கு எண்ணெய் போட்டு உருவிவிடக் கூடாது. அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டும். சிகிச்சை ரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்து. பொதுவாகக் குறைந்தது 3 மாதம். கட்டி கரைந்த பிறகும் அது இருந்த இடத்து வால்வுகள் கெட்டுப்போயிருக்கலாம். அதனால் சில வருடங்கள் கழித்து அதே காலில் வீக்கமும் புண்ணும் வருவதுண்டு.

ஸ்கேன் அறையில் என்ன நடக்க வேண்டும்

ரத்தம் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று காட்டும் டாப்ளர் ஸ்கேன் இல்லாமல் சிகிச்சை பேசுவது, எங்கே கசிகிறது என்று பாராமல் சுவரை இடிப்பது மாதிரி. ஸ்கேன் எப்படி எடுத்தார்கள் என்பதும் முக்கியம். ஒழுக்கைப் பார்க்க நிற்கவைக்க வேண்டும். பார்க்கும் காலைத் தளர்த்தி, மற்ற காலில் பாரம் போட்டு நிற்பீர்கள். மருத்துவர் தொடையில் ஜெல் தடவிக் கருவியை வைத்து, இன்னொரு கையால் கெண்டைச்சதையை ஒரு பிழி பிழிந்து விடுவார். திரையில் ஒரு நிறம் பளிச்சிடும். ரத்தம் மேலே போகிறது. கையை விட்டதும் நிறம் அணைய வேண்டும். அணையாமல் எதிர்நிறம் வழிந்தால் ரத்தம் திரும்பி விழுகிறது என்று பொருள். மேல்சிரையில் அது அரை நொடிக்கு மேல் நீடித்தால் வால்வு பழுது. படுக்கவைத்து மட்டும் பார்த்து ‘எல்லாம் நார்மல்’ என்று வரும் அறிக்கையை நம்பி உட்கார முடியாது.

ஆழச் சிரை திறந்திருக்கிறதா என்பதையும் ஸ்கேன் சொல்ல வேண்டும். ஆழத்தில் அடைப்பு இருந்தால், புடைத்த மேல்சிரைதான் மாற்றுப்பாதையாக ரத்தத்தைச் சுமந்துகொண்டிருக்கும். அதை மூடினால் இருக்கிற வழியும் போய்விடும்.

சிகிச்சைகள்: தத்துவம் ஒன்று, கருவி பல

ஒழுகும் குழாயைப் போக்குவரத்திலிருந்து விலக்குவதுதான் எல்லா முறைகளின் நோக்கமும். ‘குழாயை மூடினால் ரத்தம் எங்கே போகும்?’ என்று கேட்காத நோயாளி இல்லை. பெரும்பகுதி ரத்தம் முன்பே ஆழச் சிரையில்தான் போகிறது. மிச்சமும் அங்கே திரும்பிக்கொள்ளும். பைபாஸ் ஆபரேஷனில் இதயத்துக்கு ஒட்டுப்போட எடுப்பது இதே நீளச் சிரையைத்தான். எடுத்த பிறகும் அவர்கள் நடக்கிறார்கள்.

1. கத்தி. 1890களின் தொடக்கத்தில் ஜெர்மன் சர்ஜன் டிரெண்டலன்பர்க் நீளச் சிரையைக் கட்டி நிறுத்தும் முறையை விவரித்தார். 1907இல் அமெரிக்காவின் பாப்காக், சிரைக்குள் கம்பி விட்டு முழுதாக உருவும் முறையைக் கொண்டுவந்தார். ஏறக்குறைய நூறு வருடம் இதுதான் ராஜா. இன்றும் ஒழுங்காகச் செய்தால் நல்ல சிகிச்சையே; ஆனால் முதுகில் ஊசியோ முழு மயக்கமோ தேவைப்படும், ரத்தக்கன்றலும் வலியும் சற்று அதிகம்.

2. சூடு. 1990களின் கடைசியில் வந்து ஆட்டத்தை மாற்றியது. முழங்கால் பக்கம் ஓர் ஊசித்துளை வழியாக இழையைச் செலுத்தி, ஸ்கேனில் பார்த்துக்கொண்டே தொடை இடுக்குக்கு இரண்டு செ.மீ. முன்னால் நிறுத்துவார்கள். சிரையைச் சுற்றி மரப்பு மருந்து கலந்த உப்புநீரை நிறைய ஏற்றுவார்கள். அது வலியையும் தடுக்கும், சூடு அக்கம்பக்கத்தில் பரவாமலும் காக்கும். பிறகு இழையைப் பின்னால் இழுத்தபடி சுடுவார்கள். ரேடியோ அலை முறையில் 7 செ.மீ. துண்டு துண்டாக, 120 டிகிரியில், ஒவ்வொன்றும் 20 நொடி. லேசரில் ஒளி அதே வேலையைச் செய்கிறது. சுட்ட சிரை சுருங்கி மூடி, மாதக்கணக்கில் வெறும் நாராகிவிடும். நோயாளி அன்றே நடந்து வீட்டுக்குப் போகலாம். முழங்காலுக்குக் கீழே சுடும்போது அருகில் ஓடும் உணர்ச்சி நரம்பு பட்டு, ஒரு பட்டை மரத்துப்போவதுண்டு. லேசரா ரேடியோ அலையா என்று தலையைப் பிய்த்துக்கொள்ளத் தேவையில்லை. கை பழகிய மருத்துவர் எதில் தேர்ந்தவரோ அதுவே நல்லது.

3. நுரை. பாலிடோகனால் போன்ற மருந்து ஒரு பங்கு, காற்று நான்கு பங்கு. இரண்டு சிரிஞ்சுகளை இணைத்து முன்னும் பின்னும் தள்ளினால் ஷேவிங் கிரீம்போல நுரைக்கும். இத்தாலியின் டெஸாரி 2000 வாக்கில் காட்டிக்கொடுத்த எளிய வித்தை. செலவு குறைவு, நெளிந்த சிரைக்குள்ளும் போகும். ஆனால் மூடிய சிரை மறுபடி திறந்துகொள்ளும் வாய்ப்பு அதிகம், தோலில் பழுப்புத் தடம் விழலாம்.

4. பசை. சயனோஅக்ரிலேட், வீட்டில் உடைந்ததை ஒட்டும் சூப்பர் குளூவின் தூரத்துச் சொந்தம். சொட்டுச் சொட்டாக விட்டு வெளியிலிருந்து அழுத்தினால் ஒட்டிக்கொள்ளும். சூடில்லை, ஆகவே சுற்றிலும் ஊசி குத்த வேண்டாம். விலை அதிகம். சிலருக்கு ஒவ்வாமையால் சிரை நெடுகச் சிவந்து தடிக்கும். ஒட்டியதை உள்ளிருந்து எளிதில் எடுக்கவும் முடியாது.

பெரிய குழாயை மூடிய பிறகும் கீழே சுருள்கள் நின்றால், 2, 3 மி.மீ. கீறலில் சின்னக் கொக்கியால் இழுத்து எடுத்துவிடுவார்கள்.

பிரிட்டனில் மருத்துவ வழிகாட்டுதல்களை வகுக்கும் நைஸ் அமைப்பு 2013இல் சொன்ன வரிசை இது: முதலில் சூடு, அது பொருந்தாவிட்டால் நுரை, அதுவும் ஆகாவிட்டால் கத்தி. எந்தத் தலையீடும் பொருந்தாதவர்களுக்குத்தான் ஸ்டாக்கிங்ஸ் (இறுக்கமான காலுறை) மட்டும். நம் ஊரில் இந்த வரிசை அடிக்கடி தலைகீழாகிறது. ஸ்டாக்கிங்ஸையும் மாத்திரையையும் கொடுத்து வருடக்கணக்கில் ஓட்டுகிறார்கள். டயோஸ்மின் கலந்த மாத்திரைகள் கனத்தையும் வீக்கத்தையும் ஓரளவு குறைக்கும். கெட்ட வால்வை ஒட்டவைக்காது. அட்டை விடுவதும் அப்படித்தான்: கொஞ்சம் ரத்தத்தை எடுக்கும், ஒழுக்கு இருந்த இடத்திலேயே இருக்கும்.

ஸ்டாக்கிங்ஸ் போடுவது ஒரு கலை

கணுக்காலில் இறுக்கம் அதிகமாகவும் மேலே போகப்போகக் குறைவாகவும் இருக்கும்படி நெய்தது இது. காலை அளந்துதான் வாங்க வேண்டும். காலையில் கட்டிலை விட்டு இறங்கும் முன்பே போட வேண்டும். நடந்து வீங்கிய பிறகு போட்டால் வீக்கத்தை உள்ளே வைத்துக் கட்டியதுபோல. குதிகால் வரை உள்வெளியாகத் திருப்பி, பாதத்தை நுழைத்து, அப்புறம் மேலே சுருட்டி விட வேண்டும். விரல் பகுதி திறந்த ரகமாக இருந்தால் பாதத்தில் ஒரு பிளாஸ்டிக் பையை மாட்டி, அதன்மேல் வழுக்கி ஏற்றிவிட்டுப் பையை முன்பக்கமாக உருவிவிடலாம். மே மாத வெயிலில் இதைப் போடச் சொல்வது கொடுமைதான், மறுக்கவில்லை. தமனி அடைப்பு உள்ள காலில் இறுக்கமான ஸ்டாக்கிங்ஸ் ஆபத்து. காலிலும் கையிலும் பி.பி. பார்த்து ஒப்பிட்ட பிறகே போட வேண்டும்.

ஆறாத புண்ணும் பீறிடும் ரத்தமும்

உள்கணுக்காலுக்கு மேல் வரும் புண்ணுக்கு வருடக்கணக்கில் களிம்பு மாற்றி, கட்டு மாற்றி, ஆன்டிபயாடிக் மாற்றி அலைபவர்கள் பலர். அழுத்தம் இறங்காமல் அது ஆறாது. பல அடுக்கு இறுக்கக் கட்டுதான் அடிப்படை மருந்து. அதோடு ஒழுக்கையும் சீக்கிரம் மூடினால் என்ன ஆகும் என்று பிரிட்டனில் 450 பேரிடம் சோதித்து 2018இல் வெளியிட்டார்கள். கட்டோடு உடனே சிரையையும் மூடியவர்களுக்குப் புண் ஆற இடைநிலைக் கணக்கில் (அதாவது பாதிப் பேருக்கு ஆறிவிடும் காலம்) 56 நாள். சிரை சிகிச்சையைத் தள்ளிப்போட்டவர்களுக்கு 82 நாள். 2004இல் வந்த இன்னொரு பிரிட்டிஷ் ஆய்வில், ஆறிய புண் ஒரு வருடத்துக்குள் திரும்புவது, கட்டு மட்டும் போட்டவர்களில் 28 சதவீதம். அறுவை சிகிச்சையும் செய்தவர்களில் 12 சதவீதம். ‘முதலில் புண் ஆறட்டும், அப்புறம் சிரையைப் பார்க்கலாம்’ என்பது பழைய பேச்சு.

புடைத்த சிரை சில சமயம் குளியலறையில், சின்ன உரசலில் உடைந்து ரத்தம் பீச்சியடிக்கும். பயத்தில் துண்டை எடுத்துத் தொடையில் இறுக்கிக் கட்டுவார்கள். அது சிரையின் மேல்வழியை அடைத்து ரத்தப்போக்கைக் கூட்டும். உடனே படுத்து, காலை நெஞ்சுக்கு மேல் உயர்த்தி, உடைந்த இடத்தில் சுத்தமான துணியை வைத்து விரலால் பத்து நிமிடம் விடாமல் அழுத்தினால் பெரும்பாலும் நின்றுவிடும். நின்றாலும் மருத்துவரைப் பார்க்க வேண்டும். ஒருமுறை உடைந்தது மறுபடி உடையும்.

கையெழுத்துப் போடும் முன் கேட்க வேண்டியவை

1. ஸ்கேன் நிற்கவைத்து எடுத்ததா?
2. ஒழுக்கு எந்தச் சிரையில், எங்கே தொடங்குகிறது?
3. ஆழச் சிரை திறந்திருக்கிறதா?
4. என் நிலை சி எத்தனை? இப்போது செய்யாவிட்டால் என்ன ஆகும்?
5. இந்த முறையை ஏன் எனக்குத் தேர்ந்தெடுத்தீர்கள்? இதே விலையில் வேறு முறை உண்டா?
6. மறுபடி எப்போது ஸ்கேன்?

ஆறாவது கேள்வியை யாரும் கேட்பதில்லை. மூடிய சிரை திரும்பத் திறக்கலாம். அதைவிட அடிக்கடி, நன்றாக இருந்த வேறொரு சிரையின் வால்வு பின்னாளில் பழுதாகும். சிகிச்சை தோற்றதாக இதற்குப் பொருள் இல்லை, குடும்ப வாகு அப்படி. சிகிச்சை முடிந்து ஓரிரு வாரத்தில் ஒரு ஸ்கேன் எடுத்து, சிரை மூடியிருக்கிறதா, ஆழத்தில் கட்டி ஏதும் இல்லையே என்று பார்ப்பது பல இடங்களில் வழக்கம். அந்த ஸ்கேன் தொகுப்புக் கட்டணத்தில் அடங்குமா என்பதையும் அப்போதே கேட்டுவிடுங்கள்.